ஸ்பிளிட்டில் பாய்மரப் படகு எடுப்பவர்கள் கரையிலேயே செய்துவிடும் தவறுகள்

குரோஷியாவின் தால்மேஷியக் கரையிலுள்ள ஸ்பிளிட்டில் ஒரு வாரம் பாய்மரப் படகு வாடகைக்கு எடுப்பவர்களில் பலர் கோட்டைவிடுவது கடலில் அல்ல. வீட்டில் வரைபடத்தை விரித்துவைத்துப் பயணத்தைத் திட்டமிடும்போதே.

ஸ்பிளிட், ஹ்வார், விஸ், கோர்ச்சுலா, டுப்ரோவ்னிக் என்று எல்லா ஊர்களையும் ஒரே வாரத்தில் கோத்துவிடுவதுதான் பெரிய தவறு. ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் ஏறத்தாழ 100 கடல் மைல். படகு மணிக்கு ஐந்தாறு கடல் மைல்தான் போகும். போனால் போதாது, திரும்பியும் வர வேண்டும். ஒரு வாரம் என்பதும் பெயருக்குத்தான். சனிக்கிழமை மாலை ஐந்து மணியளவில் படகு கைக்கு வரும். அடுத்த வெள்ளி மாலையே புறப்பட்ட துறைக்குத் திரும்பிவிட வேண்டும். சனி காலை ஒன்பது மணிக்குள் மூட்டையோடு இறங்கிவிட வேண்டும். வெள்ளி பிற்பகலோ டீசல் பம்பின் முன் வரிசையில் கழியும், ஏனென்றால் அந்த வட்டாரத்துப் படகுகள் பெரும்பாலும் அன்றுதான் திரும்புகின்றன. பிராச், ஹ்வார், விஸ் என்று மூன்று தீவுகளோடு நிறுத்திக்கொள்பவர்களுக்குத்தான் நீந்துவதற்கும் நேரம் கிடைக்கிறது.

அடுத்தது காற்று. கோடையில் நண்பகலை ஒட்டி வடமேற்கிலிருந்து எழும் மாயிஸ்ட்ரால் நல்ல பிள்ளை. மாலையில் தானே அடங்கிவிடும். யூகோ தென்கிழக்கிலிருந்து புழுக்கத்தோடு வந்து, இரண்டு மூன்று நாள் மெல்ல வலுத்து, அலையைப் பெரிதாக்கும். அஞ்ச வேண்டியது பூராவுக்கு. வடகிழக்கு மலைகளிலிருந்து சரிந்து விழும் குளிர்காற்று அது. வானம் தெளிவாக இருக்கும்போதே சீறிக்கொண்டு வரும். பியோகோவோ மலையுச்சியை வெண்மேகம் கவ்விக்கொண்டு நிற்பது தெரிந்தால், அதன் அடிவாரத்திலுள்ள மக்கார்ஸ்கா பக்கம் போவதைத் தள்ளிப்போடுங்கள். இன்ன நாள் இன்ன ஊர் என்று ஓட்டல் பயணம்போல் எழுதிவைத்திருப்பவர்கள், அட்டவணையைக் காப்பாற்றுவதற்காகவே போகக்கூடாத நாளில் போகிறார்கள்.

உரிமம் விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஓட்டுநர் இல்லாமல் படகு எடுத்தால், குரோஷிய அரசு ஏற்கும் உரிமமும், படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலியை இயக்குவதற்கான சான்றிதழும் வேண்டும். முன்பணம் கட்டுமுன்பே அதன் நகலை அனுப்பி, செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படகை ஓட்ட ஸ்கிப்பரை வைத்துக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆனால் அவருக்கும் படுக்கை வேண்டும், மூன்று வேளை சாப்பாடும் உங்கள் பொறுப்பு. எட்டுப் படுக்கைப் படகுக்கு எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு போய்த் துறையில் நின்று விழிப்பவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. விளம்பர விலையிலும் ஸ்கிப்பர் சம்பளம், டீசல், துறைக் கட்டணம் சேராது. கடைசி நாள் துப்புரவுக் கட்டணத்தைப் பல இடங்களில் தனியாக வாங்குவார்கள். இரட்டை உடல் கொண்ட கேடமரன் என்றால், மரினா எனப்படும் படகுத் துறையின் கட்டணம் இன்னும் கூடும்.

படகை உங்களிடம் ஒப்படைக்கும் அந்த முதல் சனி மாலையில்தான் எல்லோருக்கும் அவசரம். கடைக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்குப் பசி. கையெழுத்துப் போடுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நங்கூரச் சங்கிலியை இறக்கி ஏற்றிப் பாருங்கள். பாயை முழுவதும் விரித்துப் பாருங்கள். கரைக்குப் போய்வரக் கூடவே வரும் சின்னப் படகின் மோட்டாரை ஓடவிடுங்கள். இருக்கும் கீறல்களையெல்லாம் படம் எடுத்துவையுங்கள். பிணைத்தொகை ஆயிரக்கணக்கான யூரோ. பழைய கீறல் உங்கள் கணக்கில் ஏறிவிடக்கூடாது. கழிப்பறையில் காகிதம் போடாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் பணமும் போகும், அன்றைய பொழுதும் போகும்.

துறையில் கட்டுவது தனிக் கலை. இங்கே படகின் பின்புறம் கரையைப் பார்க்க வேண்டும். பின்னோக்கி உள்ளே நுழைந்ததும், கரையில் நிற்கும் மரினா ஊழியர் நீருக்கடியில் கிடக்கும் கயிற்றின் நுனியைத் தூக்கிக் காட்டுவார். கொக்கிக் கம்பால் அதைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி முன்புறம் வரை நடந்து, இழுத்துக் கட்ட வேண்டும். கயிறு முழுக்க சேறும் சிப்பியும். கையுறை இல்லாவிட்டால் உள்ளங்கை கிழியும். கயிறு மேலே வரும்போது எஞ்சின் கியரில் இருந்தால் சுழலி அதைச் சுற்றிக்கொள்ளும். பிறகு முக்குளிப்பவரை அழைக்க வேண்டியதுதான். ஹ்வார் நகரத் துறையில் இடமும் குறைவு, அலையும் தொந்தரவு. எதிர்த் தீவிலுள்ள பால்மிஷானா மரினாவில் கட்டிவிட்டு வாடகைப் படகில் ஊருக்குப் போவது நிம்மதி.

சிறு குடாக்களில் உள்ள கொனோபா உணவகங்கள் பல, சாப்பிட வருபவர்களுக்குப் படகு கட்ட இடம் தருகின்றன. அங்கே மீனின் விலை பெரும்பாலும் கிலோ கணக்கில். எடை போட்டு விலை கேட்காமல் தலையாட்டினால் பில் வரும்போது முகம் மாறும். மூடியின் மேல் கனலைப் போட்டு வேகவைக்கும் பேக்கா சமையல் வேண்டுமானால் சில மணி நேரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது.

இந்தியக் கடவுச்சீட்டோடு போகிறவர்களுக்கு ஒன்று. 2023 ஜனவரி முதல் குரோஷியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. பக்கத்து நாடான மான்டினீக்ரோ அதில் இல்லை. டுப்ரோவ்னிக்கில் படகு எடுத்து மான்டினீக்ரோவின் கோட்டோர் வளைகுடாவை எட்டிப் பார்க்க நினைத்தால், ஒருமுறை மட்டுமே நுழைய அனுமதிக்கும் விசாவோடு திரும்பி வர முடியாது. விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேளுங்கள். வாடகை ஒப்பந்தம் அந்த எல்லையைத் தாண்ட அனுமதிக்கிறதா என்பதையும் படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.