குடியிருப்புப் பூனைகளுக்குப் பொதுப்பணம் சேர்த்து நடத்துவது எப்படி?

அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் வாழும் பூனைகளுக்குப் பெரும்பாலும் யாராவது ஒருவர்தான் சோறு வைக்கிறார். அவர் வீடு மாறினாலோ உடம்புக்கு முடியாமல் படுத்தாலோ பூனைகள் பட்டினி கிடக்கின்றன. பத்துப் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து மாதந்தோறும் சிறு தொகை போட்டுப் பொதுப்பணமாக வைத்துக்கொண்டால் அந்தப் பாரம் ஒருவர் தலையில் விழாது. ஆனால் பூனைகளுக்காகச் செய்யும் முதற்செலவு தீனிக்கு அல்ல, கருத்தடைக்கே என்பதைத் தொடங்கும்போதே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். பெட்டைப் பூனை ஐந்தாறு மாத வயதிலேயே சினைப்பட்டுவிடும். 63 முதல் 65 நாளில் குட்டி போடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று போடக்கூடியது. தீனியை மட்டும் தவறாமல் வைத்துக் கருத்தடையைத் தள்ளிப்போட்டால், எவ்வளவு வசூலித்தாலும் அடுத்த ஆண்டு போதாது.

பணம் கேட்டுப் படியேறுவதற்கு முன் பூனைகளைக் கணக்கெடுங்கள். இதில் எல்லோரும் தடுமாறும் இடம் பெயர்தான். ஒரே பூனையை முதல் மாடியில் மீனு என்பார்கள், மூன்றாம் மாடியில் செல்லம் என்பார்கள், காவலாளி கறுப்பி என்பார். பெயரை மட்டும் எழுதி வைத்தால் ஒரு பூனைக்கு இரண்டு முறை தடுப்பூசிச் செலவு ஏறும், இன்னொன்று விடுபட்டுப்போகும். ஆகவே நோட்டில் ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, “சாம்பல் வரி, முன்கால் இரண்டும் வெள்ளை, பெட்டை, பின்வாசல் பக்கம் இருப்பது, மீனு, செல்லம் என்றும் அழைப்பார்கள்” என்று அடையாளத்தை முதலிலும் செல்லப்பெயர்களைப் பின்னாலும் எழுதி, ஒரு புகைப்படத்தையும் ஒட்டிவிடுங்கள். கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு மூன்றும் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெட்டையாகவே இருக்கும் என்பதால், கருத்தடைப் பட்டியலில் அதை முன்னால் வைக்கலாம்.

பணத்தையும் இதே கண்டிப்போடு பிரித்து எழுத வேண்டும். மாதாமாதம் வருவது சந்தா. ஒருவர் மனமுவந்து ஒருமுறை கொடுப்பது நன்கொடை. இரவு பத்து மணிக்கு அடிபட்ட பூனையை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியவர் தன் கையிலிருந்து போட்ட பணம் கைமாற்று, அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். இந்த மூன்றையும் ஒரே பத்தியில் எழுதும் இடங்களில்தான் சண்டை வருகிறது. கைமாற்றுக் கொடுத்தவருக்கு ஒரு வாரத்துக்குள் பணம் திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் அடுத்த முறை யாரும் ஓடமாட்டார்கள்.

தொகையை எப்படி முடிவு செய்வது? நடுத்தர எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 55 கிராம் உலர்தீனி வேண்டும். ஐந்து பூனைகளுக்கு மாதம் எட்டேகால் கிலோ ஆகிறது. கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,475 ரூபாய். பன்னிரண்டு வீட்டார் தலைக்கு 300 ரூபாய் போட்டால் 3,600 சேரும். மீதி 1,125 ரூபாயைத் தொடாமல் மருத்துவத்துக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். முதல் சுற்றுக் கருத்தடைச் செலவைச் சந்தாவிலிருந்து எடுக்க முயலாமல், தனியாக நன்கொடை திரட்டி முடிப்பதே நல்லது. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துவைத்துப் பள்ளிக்கூடம் நடத்திய வரலாறு நமக்கு உண்டு. எல்லோராலும் முடிகிற சிறு அளவு, தவறாத முறை என்ற இரண்டும்தான் அதன் பலம். 500 ரூபாய் கேட்டு நான்கு பேர் மட்டும் தருவதைவிட, 200 கேட்டுப் பதினைந்து பேர் தருவது நீடிக்கும் என்பதே என் கருத்து.

இந்தப் பணத்தைக் குடியிருப்புப் பராமரிப்புக் கணக்கோடு கலக்கக் கூடாது. பூனை பிடிக்காத வீட்டாரின் பணமும் அதில் இருக்கிறது. ஏலச்சீட்டு நடத்தி, சீட்டு எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தள்ளுத் தொகையைப் பூனைகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, அரசின் முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு தொடங்க முடியாது. இருவர் பெயரில் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, மாத முடிவில் வரவு செலவையும் ரசீதுகளின் படங்களையும் குழுவில் போட்டாலே போதும். சங்கத்தில் எதிர்ப்பு எழுந்தால், 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை எடுத்துக்காட்டுங்கள். உரிமையாளர் இல்லாத குடியிருப்பு விலங்குகளுக்குத் தீனி வைக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பை அவை குடியிருப்போர் சங்கத்திடமே ஒப்படைத்திருக்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி ஆகியவற்றிலிருந்து தள்ளி இடம் பார்க்கச் சொல்வதும் அவ்விதிகள்தான்; அதை நீங்களும் மதிக்க வேண்டும்.

கருத்தடைக்குப் பிடிப்பது பழக்கத்தால் எளிதாகிறது. இரண்டு வாரம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தீனி வையுங்கள். பிறகு அந்தத் தட்டைத் திறந்த கூண்டுக்குள் நகர்த்துங்கள். மயக்கமருந்து கொடுப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்பு தீனியை நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கதவு மூடியதும் கூண்டின் மேல் துணியைப் போர்த்தினால், முட்டி மோதிக்கொண்டிருந்த பூனை சிறிது நேரத்தில் அடங்கி உட்கார்ந்துவிடும். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். அறுவையின்போதே கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதின் நுனியைச் சிறிது நேராக நறுக்கிவிடச் சொன்னால், அதே பூனையை யாரும் மறுபடி பிடிக்க மாட்டார்கள். கடுவனைச் சீக்கிரம் விட்டுவிடலாம். பெட்டையைத் தையல் ஆறும்வரை சில நாள் யாராவது ஒரு வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கடந்த பூனைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் அதே பயணத்தில் போட முடியுமா என்று கேளுங்கள். பிள்ளைகள் தொட்டு விளையாடும் பூனைகளுக்கு அது அவசியம்.

மருத்துவப் பணம் குறைவாக இருக்கிறதே என்று வீட்டு மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கவே கூடாது. நம் வீடுகளில் காய்ச்சலுக்கு வைத்திருக்கும் பாராசிட்டமால் சிறு துண்டு போனாலும் பூனை இறந்துபோகலாம். கையிருப்பு போதாத நேரத்தில் எவ்வளவு தொகை வரை யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம் என்பதை முன்னரே எழுதி வைத்திருந்தால், நள்ளிரவில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைக்க வேண்டியிருக்காது.

கணக்குப் பார்ப்பவரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாறும் நாளில் பழையவரும் புதியவரும் நோட்டையும் வங்கி இருப்பையும் சேர்ந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். குழு என்றாவது கலைந்தால் மிச்சப் பணம் எந்த விலங்குநலக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்பதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.