புறாவுக்குப் பருவம் பார்த்துத் தீனி

ஒரு புறாவுக்கு நாளைக்கு 30 முதல் 40 கிராம் தானியம் போதும். நான் தீனியில் எப்போதும் கொஞ்சம் பார்லி கலப்பேன். பசி இருக்கும்வரை அதையும் தின்னும். வயிறு நிறைந்தால் முதலில் ஒதுக்குவது அதைத்தான். தட்டில் பார்லி மிஞ்சினால் கையை நிறுத்திவிடலாம், தராசே வேண்டாம்.

குளிர்காலத்தில் உடம்புச் சூட்டுக்கே தெம்பு செலவாகும். மக்காச்சோளத்தைக் கூட்டி, மாலைத் தீனியைத் தாராளமாகப் போடுங்கள். வெயில் காலத்தில் மக்காச்சோளத்தைக் குறைத்துவிட்டுத் தண்ணீரைக் கவனியுங்கள்: நிழலில் வைத்து, இரண்டு வேளையும் மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில்தான் எனக்குப் பயம். ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பூஞ்சை பிடிக்கும், அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். முக்கல் வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கழுவிக் காயவைத்தாலும் நஞ்சு போகாது. மிஞ்சிய தீனியை அன்றன்றே அள்ளிவிடுவது நல்லது.

இறகு உதிரும்போது புரதம் வேண்டும். பட்டாணி, பச்சைப்பயறு, கூடவே ஒரு சிட்டிகை ஆளி விதை. சூரியகாந்தி விதையைக் கண்டால் புறா மற்றதை மறந்துவிடும், அளவோடு போடுங்கள்.

குஞ்சு இருந்தால் பயறு இன்னும் கூடட்டும். முதல் சில நாள் தாயும் தகப்பனும் தொண்டைப்பையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டும். சிப்பித்தூளும் பொடிக்கல்லும் எந்தப் பருவத்திலும் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். அப்புறம், ரொட்டித் துண்டு மட்டும் வேண்டாம்.