ஃபுளோரன்ஸிலிருந்து கியான்டிக்கு ஒரு நாள் ஒயின் டேஸ்டிங் டூர்: முதல்முறை போகிறவர்களுக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டேஸ்டிங்கில் ஒரு ஒயினுக்குச் சுமார் 40 மில்லி ஊற்றுவார்கள். ஒரு இடத்தில் ஐந்து ஒயின் என்றால் 200 மில்லி. டூரில் மூன்று திராட்சைத் தோட்டங்கள் இருந்தால் 600 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் ஐந்தில் நான்கு பங்கு. கியான்டி ஒயினில் ஆல்கஹால் சுமார் 13.5 சதவீதம் இருக்கும். ஆக, மாலைக்குள் 81 மில்லி சுத்த ஆல்கஹால் வயிற்றுக்குள் போயிருக்கும். டேஸ்டிங்கில் சுவைத்துவிட்டுத் துப்புவதுதான் வழக்கம்; எதையும் துப்பாமல் எல்லாவற்றையும் குடித்துவிட்டு மூன்றாவது தோட்டத்தில் இறங்குபவருக்கு நாக்கும் வேலை செய்யாது, கைடு சொல்வதும் காதில் ஏறாது. இந்தப் பயணத்தில் பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. அதனால் கீழே உள்ள படிகள் எல்லாமே ஒரு நோக்கத்தோடு எழுதியவை: கடைசிக் கிளாஸ் வரை சுவை தெரிய வேண்டும்.

படி 1: எந்த கியான்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

கியான்டி, கியான்டி கிளாசிகோ இரண்டும் ஒன்றல்ல. கியான்டி என்பது இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் பரந்து கிடக்கும் ஒயின் வட்டாரம். கியான்டி கிளாசிகோ என்பது ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவில் உள்ள மலைப்பகுதி மட்டும். 1716இல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி எல்லை வகுத்து ஆணையிட்டது இந்தப் பழைய பகுதியின் மையத்துக்குத்தான். இன்றைய எல்லை 1932இல் விரிவாக்கப்பட்டது. இங்கே விளையும் ஒயின் பாட்டிலில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும், கழுத்துப் பட்டையிலோ பின்பக்க லேபிளிலோ.

டூர் விளம்பரத்தில் ஊர்ப் பெயர்களைத் தேடுங்கள். கிரேவே, பன்சானோ, ராடா, கஸ்தெல்லினா, கயோலே இவற்றில் ஏதாவது இருந்தால் கிளாசிகோ பகுதிக்குப் போகிறீர்கள். வெறும் 'கியான்டி மலைகள்' என்று மட்டும் இருந்தால் எழுதிக் கேளுங்கள். ஃபுளோரன்ஸை ஒட்டியுள்ள மற்ற கியான்டித் தோட்டங்களும் நல்லவைதான், ஆனால் கருஞ்சேவலை எதிர்பார்த்துப் போனால் அங்கே கிடைக்காது.

படி 2: டூரைத் தேர்ந்தெடுப்பது

சொந்தமாகக் கார் எடுத்துப் போகலாமே என்று தோன்றும். இத்தாலியில் ஓட்டுநருக்கு ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை. லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். ஓட்டுகிற ஒருவர் நாள் முழுக்க மோந்து மட்டும் பார்க்க வேண்டியிருக்கும். கைடோடு வேனில் போவதே நல்லது.

இரண்டு தோட்டங்கள் உள்ள டூரை எடுங்கள். மூன்று வேண்டாம். சியேனா, சான் ஜிமிஞ்யானோ, பீசா கோபுரம், கூடவே ஒயின் என்று ஒரே நாளில் அடைத்துத் தரும் டூரில் ஒயினுக்குக் கிடைப்பது அரைமணி நேரமும் வரிசையாக ஊற்றிய கிளாஸ்களும்தான். எட்டுப் பேர் போகிற சின்ன வேனா, ஐம்பது பேர் பஸ்ஸா என்பதும் முக்கியம். தோட்டங்களுக்குப் போகும் மண்பாதைகள் குறுகியவை, பெரிய பஸ் நுழைய முடியாது. அதனால் பஸ் டூர்கள் பார்க்கிங் வசதி உள்ள பெரிய ஆலைகளுக்கே போகும்.

பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்: ஒவ்வொரு இடத்திலும் எத்தனை ஒயின், அவற்றில் ரிசெர்வா (கூடுதல் காலம் முதிர்ந்த வகை) ஒன்றாவது உண்டா, மதியம் முழுச் சாப்பாடா அல்லது ரொட்டியும் சீஸும் மட்டுமா, தோட்டத்துக்குள்ளும் ஒயினை முதிரவைக்கும் நிலவறைக்குள்ளும் நடக்க விடுவார்களா அல்லது விற்பனை அறையோடு சரியா. கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த டூரை விட்டுவிடலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் போதாது. தட்டில் ரொட்டித்துண்டு மேல் பழுப்பாகத் துவையல் மாதிரி தடவி வருவது பெரும்பாலும் கோழி ஈரல். பெருஞ்சீரகம் மணக்கும் ஃபினொக்கியோனா பன்றி இறைச்சி. செம்மறிப் பாலில் செய்த பெக்கொரினோ சீஸைப் பெரும்பாலும் கன்றுக்குட்டி அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சுரப்பைக் கொண்டு உறைய வைக்கிறார்கள். எது வேண்டாம் என்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள்.

மாதம்: ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்லது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை அறுவடை. பார்க்க அருமையான காலம், ஆனால் சின்னத் தோட்டக்காரர்களுக்கு விருந்தாளியோடு பேச நேரம் இருக்காது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் பல இடங்கள் மூடியிருக்கும்.

படி 3: முதல் நாள் இரவும் கிளம்பும் காலையும்

வயிறு நிறையக் காலை உணவு சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் ஆல்கஹால் மிக வேகமாக ரத்தத்தில் ஏறும். பல் துலக்குவதைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் இனிப்பை மங்கவைத்துக் கசப்பைத் தூக்கிக் காட்டும், அந்த வாயோடு குடித்தால் எந்த ஒயினும் கசக்கும். சென்ட், வாசனை எண்ணெய், மணக்கும் கை லோஷன் எதுவும் வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, மேசையில் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒயினின் மணம் கெட்டுவிடும்.

மூடிய ஷூ போடுங்கள். தோட்டத்து மண்ணில் கலெஸ்த்ரோ என்ற தட்டுத்தட்டாக உதிரும் கல் நிறைந்திருக்கும், செருப்பு வழுக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் நிலவறைக்குள் 15 டிகிரிதான் இருக்கும், மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

கிரேவே வழியாகப் போகும் சாலை முழுக்க வளைவுகள். வயிறு புரட்டும் என்றால் வேனில் முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வாந்தி மாத்திரை பல வகையும் ஆல்கஹாலோடு சேர்ந்தால் தூக்கம் அள்ளிக்கொண்டு போகும். தினசரி மருந்து எடுப்பவர்களும் ஆன்டிபயாடிக் கோர்ஸில் இருப்பவர்களும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

ஃபுளோரன்ஸின் பழைய நகரப்பகுதிக்குள் வெளி வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. வேன் பெரும்பாலும் உங்கள் ஹோட்டல் வாசலுக்கு வராது, வேறொரு இடத்தில் சில நிமிடங்கள் நின்று ஏற்றிக்கொண்டு போய்விடும். 15 நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள்.

படி 4: தோட்டத்திலும் நிலவறையிலும்

இங்கே ஆளும் திராட்சை சாஞ்சோவேசே. கிளாசிகோ என்று பெயர் போட வேண்டுமானால் இது குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். தோட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கைடிடம் கேளுங்கள். உயரமான தோட்டத்து ஒயினில் புளிப்பு தூக்கலாக இருக்கும், கீழே வெயில் நிறைய வாங்கும் சரிவில் பழம் நன்கு கனிந்து ஒயின் கனமாக இருக்கும். பின்னால் கிளாஸில் இதை நீங்களே சரிபார்க்கலாம்.

நிலவறையில் இரண்டு அளவு ஓக் பீப்பாய்களைப் பார்ப்பீர்கள். ஆளுயரத்துக்கு மேல் நிற்பவை பழைய முறை. 225 லிட்டர் சின்னப் பீப்பாய் பிரெஞ்சு வழி. சின்னதில் ஒயினும் மரமும் அதிகம் உரசுவதால் வனிலா, கிராம்பு மணம் ஏறும். அறுவடைக் காலத்தில் போனால் நொதிக்கும் தொட்டிக்குள் தலையை நீட்டிப் பார்க்காதீர்கள். திராட்சைச்சாறு நொதிக்கும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள் தேங்கி நிற்கும். ஒரே மூச்சில் ஆள் மயங்கி விழலாம்.

படி 5: கிளாஸ் கையில் வந்ததும்

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். கிண்ணத்தைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறி ஆல்கஹால் நெடி மேலே வரும். சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி சரியான சூடு. கோடையில் முற்றத்து மேசையில் வெயில் பட்டால் நிழலுக்கு மாறச் சொல்லத் தயங்காதீர்கள்.

மேசையில் இருக்கும் வெள்ளைத்தாளுக்கு மேலே கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். சாஞ்சோவேசே மாணிக்கச் சிவப்பு, ஆனால் கண்ணாடி போலத் தெளிவு. அடியில் உள்ள எழுத்தைக்கூடப் படித்துவிடலாம். வயதான ஒயினில் ஓரம் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருக்கும்.

சுழற்றுவதற்கு முன் ஒருமுறை மோந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அந்த பாட்டிலின் கார்க் கெட்டிருக்கிறது. சொல்லுங்கள், வேறு பாட்டில் திறப்பார்கள். இது குறை சொல்வதாகாது, தோட்டக்காரரே நன்றி சொல்வார். பிறகு கிளாஸின் அடியை மேசையில் வைத்தபடியே ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். காற்றில் தூக்கிச் சுழற்றினால் முதல்முறைக்காரர்கள் சட்டையில் ஊற்றிக்கொள்வார்கள். இப்போது இரண்டு மூன்று சின்ன மூச்சாக இழுங்கள். நீளமாக இழுத்துக்கொண்டே இருந்தால் மூக்கு மரத்துப்போகும். புளிச்செர்ரி, வயலட் பூ, உலர்ந்த தேயிலை, காய்ந்த மூலிகை, இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலே போதும். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்து இரண்டு டீஸ்பூன் அளவு வாயில் எடுத்து, ஐந்து வினாடி ஈறு முழுக்கப் படும்படி உருட்டுங்கள். மூன்றே மூன்றைக் கவனியுங்கள். கன்னத்தின் இருபுறமும் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் நாக்கும் இழுத்துப் பிடித்தால் அது டானின். இதற்கு நமக்குப் புதுச்சொல் தேவையே இல்லை, நாவல்பழம் தின்ற பிறகு நாக்கு இருக்கும் நிலைதான், அறுசுவையில் ஒன்றான துவர்ப்பு. மூன்றாவது, துப்பிய பிறகு சுவை எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். இந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டே போனால், மலிவான பாட்டிலுக்கும் அடுத்த படிக்கும் என்ன வித்தியாசம் என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

துப்புவது மரியாதைக் குறைவு என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. அதை இங்கே விட்டுவிடுங்கள். வெற்றிலை போடும் வீட்டில் படிக்கம் இருந்ததைப் போல, ஒவ்வொரு மேசையிலும் அதற்கென்றே குவளை வைத்திருப்பார்கள். ஒயின் செய்பவர்களும் தினமும் துப்பித்தான் சோதிக்கிறார்கள். உதட்டைக் குவித்து, முன்னால் குனிந்து, ஒரே வேகத்தில் துப்ப வேண்டும். மெதுவாக விட்டால் தாடையில் வழியும். முதல் நாள் இரவு வாஷ்பேசினில் தண்ணீரை வைத்து நாலைந்து முறை பழகுங்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், அதனால் ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம்.

சாப்பாட்டுத் தட்டை வைத்து ஒரு சோதனை செய்து பாருங்கள். துவர்ப்பு அதிகமான ஒயினை முதலில் தனியாகச் சுவையுங்கள். பிறகு ஒரு துண்டு பெக்கொரினோ மென்றுவிட்டு அதே ஒயினை மறுபடி எடுங்கள். துவர்ப்பு பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிப்பதால்தான் வாய் வறள்கிறது. சீஸின் புரதமும் கொழுப்பும் நடுவில் வந்தால் அது அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. போட மறந்ததல்ல, வழக்கமே அப்படித்தான். இரண்டு ஒயினுக்கு நடுவில் நாக்கைத் துடைக்க அதைவிட நல்லது வேறில்லை.

படி 6: ஊற்றும் வரிசை

முதலில் சாதாரண கிளாசிகோ, குறைந்தது 12 மாதம் முதிர்ந்தது. அடுத்து ரிசெர்வா, 24 மாதம். பிறகு கிரான் செலெசியோனே, 30 மாதம், அந்தத் தோட்டத்தின் சொந்தத் திராட்சையில் மட்டுமே செய்தது. இந்தக் கடைசி வகை 2014இல்தான் சந்தைக்கு வந்தது. வின் சான்டோ என்ற இனிப்பு ஒயினும் அதில் தோய்த்துத் தின்னும் பாதாம் பிஸ்கட்டும் இறுதியில்தான். ஆசைப்பட்டு நடுவில் இனிப்பைத் தொட்டால் அதற்குப் பின் வரும் சிவப்பு ஒயின் எல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும்.

ஒவ்வொரு ஒயினுக்கும் லேபிளைப் போனில் படம் எடுத்து, ஒரு வரி குறிப்பு எழுதுங்கள்: ஆண்டு, துவர்ப்பு அதிகமா குறைவா, எத்தனை வினாடி, பிடித்ததா. இரண்டாவது தோட்டத்துக்குப் போனதும் முதலாவதில் குடித்தது நினைவில் இருக்காது.

படி 7: வாங்குவதும் கொண்டுவருவதும்

வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வாங்குவதானால் முதல் தோட்டத்திலேயே அள்ளாமல், குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் ஊர்க் கடையில் கிடைக்காத சின்னத் தோட்டத்து ரிசெர்வாவுக்கு இடம் கொடுங்கள். ஒரு பாட்டில் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ கனக்கும், சூட்கேஸ் எடை வரம்பை நினைவில் வையுங்கள். வீட்டுக்கே அனுப்பித் தருகிறோம் என்றால், உங்கள் நாட்டு இறக்குமதி வரியும் அந்த விலையில் சேர்ந்ததா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோடையில் பூட்டிய வேனுக்குள் பாட்டிலை விட்டுப் போகாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், உள்ளே பழச்சுவை வெந்து ஜாம் மாதிரி ஆகிவிடும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகப் பெரும்பாலும் விடமாட்டார்கள், செக்-இன் சூட்கேஸில் வைப்பதே நல்லது. ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, கனமான துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். நான்கு பக்கமும் ஒரு கையளவு துணி இருக்க வேண்டும். பாட்டிலும் பாட்டிலும் தொட்டுக்கொள்ளவே கூடாது. அவை ஒன்றோடொன்று மோதினாலும் உடையும்.