ஜெனரல் கிராண்டின் கடிதங்களையும் போர்க்கள ஆணைகளையும் வாசிக்கும் முறை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடமாநிலப் படைகளுக்குத் தலைமை தாங்கிய யுலிசிஸ் கிராண்டின் ஆவணங்களை ஆராய விரும்புகிறவர், வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்திலுள்ள மூலத் தாள்களுக்குப் போகும் முன், ஜான் சைமனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1967 முதல் வெளிவந்த அச்சுத் தொகுதிகளைப் பார்த்துவிடுவது நல்லது. அவற்றில் கிராண்ட் எழுதியவை காலவரிசையில் இருக்கும்; அவருக்கு வந்தவற்றில் பெரும்பகுதி அடிக்குறிப்புகளில்தான் கிடக்கும் என்பதால், அடிக்குறிப்புகளை விட்டுவிட்டு வாசிப்பது உரையாடலில் ஒருவர் குரலை மட்டும் கேட்பதாகிவிடும்.

மூலத் தாள் கைக்கு வந்ததும், இது எந்தப் பிரதி, யார் கையெழுத்து என்ற இரண்டையும் முதலில் தீர்மானியுங்கள். அனுப்பிய கடிதம் பெற்றவரிடம் போய்விடும். தலைமையகத்தில் எஞ்சுவது எழுத்தர் பதிவேட்டில் எடுத்துவைத்த நகல்தான். ஆணைகள் பலவும் தளபதியின் கட்டளைப்படி என்ற குறிப்போடு, அவருடைய துணை அதிகாரி ஜான் ராலின்ஸ் பெயரில் வெளிவந்தன. 1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் ஆப்பொமாட்டக்ஸில், தென்மாநிலத் தளபதி ராபர்ட் லீயின் படைக்கான சரணடைவு நிபந்தனைகளைக் கிராண்ட், நகல் தாள் வைத்த ஆணைப் புத்தகத்தில் தம் கையாலேயே எழுதினார். அதை மையில் படியெடுத்தவர் செனக்கா என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தைச் சேர்ந்த அதிகாரி ஈலி பார்க்கர். ஆகவே அழகாக எழுதப்பட்ட தாளே மூலம் என்று நம்பிவிடக் கூடாது.

தாளின் பின்பக்கத்தைக் கட்டாயம் திருப்பிப் பாருங்கள். மடித்து அடுக்கிய ராணுவக் கடிதத்தின் வெளி மடிப்பில் அனுப்பியவர் பெயரும் தேதியும் பொருளும் இருக்கும். அதன் கீழே, கடிதம் கடந்துபோன ஒவ்வொரு அதிகாரியும் எழுதிய பரிந்துரையோ மறுப்போ வரிசையாக நிற்கும். முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை முன்பக்கத்தைவிட இந்தப் பக்கமே தெளிவாகக் காட்டும் என்பது என் கருத்து.

தந்திகளில் அனுப்பிய நேரம், பெற்ற நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தனிக் கடிதங்களைத் தனியே ஒதுக்க வேண்டாம். 1862 பிப்ரவரி 16 அன்று, டோனல்சன் கோட்டையில் எதிரித் தளபதி பக்னரிடம் நிபந்தனையற்ற சரணடைவைக் கேட்டு எழுதிய அதே கிராண்ட், அன்றே மனைவி ஜூலியாவுக்கும் எழுதினார். இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே விரித்து வையுங்கள்.