பதக்கப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள்: குளிர்கால ஒலிம்பிக்கில் ஒரு நாட்டு அணியை எடைபோடுவது எப்படி

குளிர்கால ஒலிம்பிக் முடிந்த மறுநாள் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: பதக்கப் பட்டியலைத் திறந்து, தான் ஆதரிக்கும் நாடு எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பார்த்து, "கலக்கிட்டாங்க" அல்லது "சொதப்பிட்டாங்க" என்று தீர்ப்பு எழுதிவிடுவது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான். ஒரு அணியைப் பற்றி அந்த வரிசை சொல்வதைவிட மறைப்பதுதான் அதிகம் என்று புரிந்த பிறகு பார்க்கும் முறையை மாற்றிக்கொண்டேன். ஒரு தாள், முழுப் போட்டி முடிவுகள், அரை மணி நேரம், இவ்வளவு இருந்தால் போதும்.

முதலில் அந்த வரிசை எண்ணை மறந்துவிடுங்கள். 2010 வான்கூவரில் போட்டி முடிந்த அன்று கனடாவுக்கு 14 தங்கம், மொத்தம் 26 பதக்கம். அமெரிக்காவுக்கு 9 தங்கம், மொத்தம் 37. தங்கத்தை வைத்து அடுக்கினால் கனடா முதலிடம், மொத்தத்தை வைத்து அடுக்கினால் அமெரிக்கா முதலிடம், கனடா ஜெர்மனிக்கும் பின்னால் போய் மூன்றாவது. இரண்டு நாட்டு ரசிகர்களும் அன்றைக்கு ஜெயித்த சந்தோஷத்தில்தான் தூங்கியிருப்பார்கள்.

அப்புறம், போன முறையோடு ஒப்பிடும்போது ஒரு கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010இல் மொத்தப் பந்தயங்கள் 86, 2022 பெய்ஜிங்கில் 109. பந்தயங்கள் இவ்வளவு கூடியபோது பதக்க எண்ணிக்கை அப்படியே நின்றால், அது தேக்கம் இல்லை, சரிவு. எண்ணிக்கையைப் பந்தயங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

இப்போது தாளில் கோடு போட்டு, பதக்கங்களை விளையாட்டு வாரியாகப் பிரித்து எழுதுங்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசி உண்மை இங்கேயே வெளியே வந்துவிடும். பெய்ஜிங்கில் ஜெர்மனி 12 தங்கம் எடுத்தது. அதில் 9 பனிக்கால்வாயில் வண்டியில் சறுக்கும் மூன்று விளையாட்டுகளில், அதாவது லூஜ், ஸ்கெலட்டன், பாப்ஸ்லெட்டில் வந்தவை. அந்த மூன்றிலும் சேர்த்து மொத்தமே 10 தங்கம்தான். பெண்கள் ஒற்றையர் பாப்ஸ்லெட் மட்டும் அமெரிக்காவுக்குப் போனது. ஆக, மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய குளிர்கால வல்லரசு, பிரித்துப் பார்த்தால் ஒரே கால்வாயில் உலகத்தையே ஓரம்கட்டிய அணி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சறுக்கு விளையாட்டுக்கென்றே நான்கு செயற்கைக் கால்வாய்கள் கட்டி வைத்திருந்த நாடு அது (அதில் கோனிக்ஸேயில் உள்ளது 2021 வெள்ளத்தில் சேதமானது), அந்த முதலீட்டின் அறுவடை இது. ஆனாலும் ஒரே இடத்தில் குவிந்த பதக்கங்களில் ஒரு ஆபத்து உண்டு. இதே ஜெர்மனி 2014 சோச்சியில் லூஜின் நான்கு தங்கத்தையும் அள்ளியது, பாப்ஸ்லெட்டில் ஒரு வெண்கலம்கூட இல்லாமல் திரும்பியது. நான்கே வருஷத்தில் பியாங்சாங்கில் பாப்ஸ்லெட்டின் மூன்று பந்தயங்களிலும் தங்கம், அதில் ஒன்று கனடாவோடு பகிர்ந்தது.

நெதர்லாந்து இன்னும் சுவாரசியம். சோச்சியில் அவர்கள் எடுத்த 24 பதக்கங்களில் 23 நீள்தட ஸ்கேட்டிங்கில் (பனித்தளத்தில் நடக்கும் வேகப் போட்டி) வந்தவை, அந்த விளையாட்டில் இருந்ததே 36 பதக்கங்கள்தான். மலையே இல்லாத நாடு, பனிச்சறுக்கில் ஒரு பதக்கம்கூட இல்லை.

நார்வேயைப் பிரித்தால் வேறு மாதிரிப் படம் வரும். பெய்ஜிங்கின் 16 தங்கங்கள்: பயாத்லானில் (பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்தது) 6, கிராஸ் கன்ட்ரியில் (நெடுந்தூரப் பனிச்சறுக்கு) 5, நார்டிக் கம்பைன்டில் (ஸ்கை ஜம்பிங்கும் கிராஸ் கன்ட்ரியும் சேர்ந்தது) 2, ஸ்கை ஜம்பிங், ஃப்ரீஸ்டைல், ஸ்கேட்டிங்கில் தலா 1. இதுதான் ஆழமான அணி என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள், அதே தாளில் இன்னொரு பத்தி போட்டு ஆட்களின் பெயரை எழுதுங்கள். பயாத்லானில் யோஹான்னஸ் திங்னஸ் போ 4 தங்கத்தில் இருக்கிறார், மார்ட்டே ஓல்ஸ்பூ ரோய்ஸ்லாண்ட் 3இல், கிராஸ் கன்ட்ரியில் தெரேசே யோஹாக் 3இல். கலப்புத் தொடரோட்டத்தில் முதல் இருவரும் சேர்ந்தே ஓடியதால் ஒன்றைக் கழித்தால், 16இல் 9 தங்கத்தில் இந்த மூன்று பேரில் ஒருவராவது இருக்கிறார். யோஹாக் அந்த சீசனோடு ஓய்வை அறிவித்துவிட்டார். அடுத்த முறை அந்த இடத்துக்கு யார் என்ற கேள்வி பட்டியலில் தெரியாது, உங்கள் தாளில் தெரியும்.

குழு விளையாட்டுகளை இந்தக் கணக்கில் அப்படியே போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐஸ் ஹாக்கியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு வாரம் அடிபட்டு வாங்குவது ஒரே ஒரு பதக்கம். 2022இல் பின்லாந்துக்கு இரண்டே தங்கம், அதில் ஒன்று ஆண்கள் ஹாக்கியில் அவர்கள் வரலாற்றிலேயே முதல் ஒலிம்பிக் தங்கம். அந்த நாட்டுக்காரர் யாரிடமாவது போய் "எட்டு பதக்கம்தானா?" என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, பதக்கம் வாங்காதவர்கள்? இங்கேதான் முழு முடிவுத்தாள் வேண்டும். நான்கு முதல் எட்டாம் இடம் வரை எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒலிம்பிக்கில் முதல் எட்டு இடத்துக்கும் சான்றிதழ் உண்டு, அடுத்த முறைக்கான பதக்கங்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் ஒளிந்திருக்கும். அதற்கும் கீழே இருப்பவர்களை இடத்தை வைத்துப் பார்க்காமல், வெற்றியாளரின் நேரத்திலிருந்து எத்தனை சதவீதம் பின்தங்கினார்கள் என்று கணக்கிடுங்கள். நூறு விநாடியில் முடியும் டவுன்ஹில்லில் (மலைச்சரிவில் வேகமாக இறங்கும் பந்தயம்) ஒரு விநாடி என்பது ஒரு சதவீதம், தொலைக்காட்சியில் அது பெரிய தோல்வி. இரண்டு மணி நேரம் ஓடும் கிராஸ் கன்ட்ரி 50 கிலோமீட்டரில் ஒரு நிமிடம் பின்னால் வருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விநாடியை விநாடியோடு ஒப்பிட்டால் ஏமாறுவோம். பயாத்லானில் இன்னொரு வேலையும் உண்டு: முடிவுத்தாளில் தவறிய குண்டுகளையும் சறுக்கிய வேகத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். 50 மீட்டர் தொலைவில், படுத்துச் சுடும்போது இலக்கு 4.5 சென்டிமீட்டர்தான். ஸ்பிரின்ட் என்ற குறும்பந்தயத்தில் ஒரு குண்டு தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று, அதோடு பதக்கமும் போய்விடலாம். வேகம் இருந்தும் குண்டு தவறிய அணியும், குண்டு தவறாமல் வேகம் இல்லாத அணியும் ஒன்றல்ல.

அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 2002இல் சால்ட் லேக் சிட்டி ஷார்ட் டிராக் (குறுந்தட ஸ்கேட்டிங்) 1000 மீட்டர் இறுதியில் கடைசியாக வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரி, கடைசி வளைவில் முன்னால் போன நான்கு பேரும் விழுந்ததால் தங்கம் வாங்கினார். 2018இல் செக் நாட்டின் எஸ்டர் லெடெட்ஸ்கா சூப்பர் ஜி என்ற மலைச்சரிவுப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் 0.01 விநாடியில் ஜெயித்தார். எதிர்ப்பக்கத்தில் 2022இல் அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின், அதுவரை உலகக் கோப்பையில் குவித்த வெற்றிகளோடு வந்து, தனக்குக் கைவந்த ஸ்லாலம் (கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து சறுக்குவது) உட்பட மூன்று பந்தயங்களை முடிக்காமல், தனிநபர் பதக்கமே இல்லாமல் போனார். அதனால்தான் நவம்பரிலிருந்து மார்ச் வரை நடக்கும் உலகக் கோப்பை சீசனை அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டு வாரத்தைவிட ஐந்து மாதம் நம்பகமானது.

சொந்த மண்ணில் நடந்தால் கொஞ்சம் கழித்துப் பாருங்கள். தென்கொரியா 2014இல் 8 பதக்கம், சொந்த நாட்டில் 2018இல் 17, அடுத்து 2022இல் 9. சீனாவின் தங்கம் 2018இல் ஒன்று, பெய்ஜிங்கில் ஒன்பது. அதற்காக எல்லாவற்றையும் மண்ணின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. பியாங்சாங் ஸ்கெலட்டனில் தென்கொரியாவின் யுன் சுங்-பின் 1.63 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தபோது அந்தக் கால்வாய் அவருக்கு அத்துப்படி என்பது உண்மை, அந்த சீசன் உலகக் கோப்பையிலும் அவர்தான் முதலிடம் என்பதும் உண்மை.

தாளைத் தூக்கி எறியாதீர்கள், முடிவுகள் பின்னால் மாறும். 2022 ஃபிகர் ஸ்கேட்டிங் குழுப் போட்டியில் ரஷ்ய அணிக்கு முதலிடம், ஆனால் ஊக்கமருந்து விவகாரத்தால் பதக்க விழாவே நடக்கவில்லை. 2024 ஜனவரியில் அந்த அணியின் கமிலா வலியேவா தகுதிநீக்கம் செய்யப்பட்டார், அந்த வருஷம் ஆகஸ்டில் பாரிஸில் வைத்துத்தான் அமெரிக்காவுக்குத் தங்கமும் ஜப்பானுக்கு வெள்ளியும் கொடுத்தார்கள்.

ஒன்றிரண்டு பேரை அனுப்பும் சிறிய அணிகளுக்கு மேலே சொன்ன பாதி வேலை தேவையில்லை. பெய்ஜிங்கில் இந்திய அணி என்றால் ஆரிஃப் கான் ஒருவர்தான். ஜயன்ட் ஸ்லாலத்தில் 45ஆம் இடம். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் கொட்டும் பனியில் அன்று கிட்டத்தட்டப் பாதிப் பேர் இரண்டு சுற்றையும் முடிக்கவே இல்லை. இப்படிப்பட்ட அணிக்கு மூன்றே கேள்வி: முடித்தாரா, எத்தனை சதவீதம் பின்னால், அந்தச் சதவீதம் அடுத்த சீசனில் குறைகிறதா.