நாளைக் காலை ஆடிஷன் என்றால் உங்களால் போக முடியுமா? நடிப்புத் தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

நடிக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்தப் பயிற்சிப் பட்டறையில் சேரலாம்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நடிப்பு வராததால் மட்டும் யாரும் இந்தத் தொழிலை விட்டுப் போவதில்லை. வாடகை கட்ட முடியாமல், ஆடிஷனுக்கு லீவு கிடைக்காமல், ஃபோட்டோ கேட்ட இரவில் அனுப்புவதற்கு உருப்படியாக ஒன்றுகூட இல்லாமல் ஒதுங்கிப் போகிறவர்களும் நிறைய.

வாய்ப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வரும்போது பல நேரம் முதல் நாள் மாலையில்தான் ஃபோன் வரும். "நாளைக்குப் பதினொரு மணிக்கு வர முடியுமா?" என்று கேட்டால், தயங்காமல் "வர்றேன்" என்று சொல்லும்படி அன்றாடத்தை அமைத்துக்கொள்வதுதான் புதிய நடிகரின் முதல் வேலை. கீழே இருக்கிற படிகள் எல்லாமே அதற்கான ஏற்பாடுகள்.

படி 1: நேரம் தருகிற ஒரு வேலையைப் பிடியுங்கள்

"முழு நேரமாக இறங்கினால்தான் ஜெயிக்க முடியும்" என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் சொல்பவருக்கு வேறு வருமானம் இருக்கிறதா என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

இந்தத் தொழிலில் பணம் சீராக வராது. வேடம் கிடைக்க மாதங்கள் ஆகலாம். நடித்து முடித்த பிறகு பணம் கைக்கு வர இன்னும் சில மாதங்கள் ஆகலாம். அதனால் பக்கத்தில் ஒரு வேலை கட்டாயம். அதைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளம் எவ்வளவு என்பதைவிட, முதல் நாள் சொன்னால் விடுவார்களா, ஷிஃப்டை இன்னொருவருடன் மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். ட்யூஷன் எடுப்பது, வீடியோ எடிட்டிங், மொழிபெயர்ப்பு, டெலிவரி வேலை இதெல்லாம் ஓரளவு பொருந்தும். இரவு ஷிஃப்ட் வசதி போலத் தெரியும். ஆனால் தூக்கமில்லாத முகத்தைக் காலை ஆடிஷனில் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு நடிக்க வந்த பிறகு தச்சு வேலை கற்றுக்கொண்டு அதில்தான் குடும்பத்தை நடத்தினார். கையில் ஒரு தொழில் இருந்ததால், கிடைத்த சின்ன வேடங்களுக்கெல்லாம் தலையாட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை. இங்கிலாந்து நடிகர் ஆலன் ரிக்மன் கிராஃபிக் டிசைனராக இருந்துவிட்டு 26 வயதில்தான் லண்டனில் ராடா நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். அவருடைய முதல் திரைப்படம் 1988-இல் வந்தபோது அவருக்கு வயது 42. இருவருக்குமே இன்னொரு வேலை தெரிந்திருந்தது. அதனால் அவர்களால் காத்திருக்க முடிந்தது.

பண விஷயத்தில் இரண்டே வழக்கங்கள் போதும். ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு சேரும்வரை அந்த வேலையை விடாதீர்கள். நடிப்பிலிருந்து எந்தத் தொகை வந்தாலும், வந்த அன்றே வரிக்கு ஒரு பங்கு, ஃபோட்டோ, பயணம், பயிற்சி போன்ற தொழில் செலவுக்கு ஒரு பங்கு என்று எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம்தான் உங்கள் பணம்.

படி 2: நாலு ஃபோட்டோ, உங்களைப் போலவே இருக்கட்டும்

புதியவர்கள் அதிகம் செலவழிப்பது இதில்தான், பெரும்பாலும் வீணாக. நடிகர்களைத் தேர்வு செய்கிற காஸ்டிங் டைரக்டருக்குத் தேவை கவர்ச்சியான ஃபோட்டோ இல்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரப்போகிறவர் எப்படி இருப்பார் என்ற தகவல்தான். தோலை மழமழவென்று மாற்றும் ஃபில்டர், கனத்த மேக்கப், கறுப்புக் கண்ணாடி எல்லாம் அந்தத் தகவலை மறைக்கும்.

முகம் மட்டும் தெரிகிற படம் ஒன்று, இடுப்பு வரை ஒன்று, முழு உருவம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. வெற்றுச் சுவர், ஜன்னல் வெளிச்சம், எழுத்தோ கோடோ இல்லாத உடை. கண்கள் கூர்மையாக விழுந்திருக்க வேண்டும். கண்ணில் வெளிச்சத்தின் சின்னப் புள்ளி தெரிந்தால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். நல்ல ஃபோன் வைத்திருக்கும் நண்பர் போதும். தாடி எடுத்தாலோ முடி வெட்டினாலோ எடை மாறினாலோ புதிதாக எடுங்கள். பழைய படத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர் வேறு ஆளைப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

படி 3: செல்ஃப் டேப் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முன்பெல்லாம் முதல் சுற்று ஆடிஷன் நேரில் நடக்கும். கொரோனா காலத்துக்குப் பிறகு அதில் பெரும்பகுதி வீட்டில் எடுத்து அனுப்பும் வீடியோவாக மாறிவிட்டது. ஹாலிவுட் நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2023-இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில் செல்ஃப் டேப்புக்கென்றே தனி விதிகள் வந்தன. எடுத்து அனுப்ப நடிகருக்குக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சங்கப் பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. இரவு எட்டு மணிக்கு ஸ்கிரிப்ட் வரும், காலைக்குள் கேட்பார்கள். ஆகவே வீட்டில் ஒரு மூலையை இதற்கென்று இப்போதே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோனைப் படுக்கை வாட்டில் ட்ரைபாடில் பொருத்தி, லென்ஸ் உங்கள் கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். பின் கேமராவையே பயன்படுத்துங்கள், தரம் கூடுதலாக இருக்கும். 1080 பிக்சல் போதும். ஃபோர் கே-யில் எடுத்தால் ஃபைல் பெருத்துப்போய் அனுப்புவதற்குள் விடிந்துவிடும். ஒற்றை நிறச் சுவருக்கு முன்னால், சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நில்லுங்கள். ஒட்டி நின்றால் நிழல் விழும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, கீழே மார்பு வரை தெரிந்தால் சரியான ஃபிரேம்.

பகலில் ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். இரவில் விளக்கை நேராக முகத்தில் அடிக்காமல், பக்கத்துச் சுவரிலோ வெள்ளை அட்டையிலோ பட்டுத் திரும்பும்படி வைத்தால் வெளிச்சம் மென்மையாக விழும். எடுக்கும் முன் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் லாக் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். படம் கொஞ்சம் சுமாராக இருந்தால்கூடப் பார்த்துவிடுவார்கள். வசனம் புரியாவிட்டால் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது, எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தைப் படிக்க ஒருவர். அவரை லென்ஸுக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் நிற்க வைத்து, அவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். லென்ஸையே பார்த்துப் பேசக் கூடாது, அது செய்தி வாசிப்பது போலாகிவிடும். படிப்பவர் மைக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர் குரல்தான் தூக்கலாகக் கேட்கும். மெதுவாக, அடக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் இன்னொரு ஃபோனில் நண்பரை அழைத்து ஸ்பீக்கரில் படிக்கச் சொல்லலாம். எதிர் வசனத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஓடவிடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் கவனம் முழுக்க அடுத்த வரி எப்போது வரும் என்பதிலேயே இருக்கும், கேட்கிற முகம் செத்துப்போகும். தேர்வு செய்கிறவர்கள் நீங்கள் பேசுவதைப் பார்ப்பது போலவே நீங்கள் கேட்பதையும் பார்க்கிறார்கள்.

காட்சியைத் தயார் செய்ய, 1898-இல் மாஸ்கோ ஆர்ட் தியேட்டரைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் அடிப்படைக் கேள்விகள் இன்றைக்கும் போதும். நான் யார், எங்கே இருக்கிறேன், இதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது, எதிரில் இருப்பவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். புதியவர்கள் தவறவிடுவது மூன்றாவது கேள்வியை. காட்சி முதல் வரியில் தொடங்குவதாக நினைத்துக்கொள்வார்கள். அதனால் முதல் இரண்டு வரிகள் சூடேறாமல் கிடக்கும். பார்ப்பவர் அந்த இரண்டு வரிகளிலேயே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

ஐந்தாறு டேக்குக்கு மேல் போகாதீர்கள், அதற்கு மேல் சோர்வுதான் பதிவாகும். இரண்டு டேக் அனுப்ப அனுமதி இருந்தால் இரண்டும் வேறு வேறு அணுகுமுறையாக இருக்கட்டும். பெயர், உயரம், தெரிந்த மொழிகள், எந்தத் தேதிகளில் வர முடியும் என்பதைத் தனியாக லென்ஸைப் பார்த்துச் சொல்லுங்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் வையுங்கள். லிங்க் அனுப்பினால், அது வேறொரு ஃபோனில் திறக்கிறதா என்று பாருங்கள். "அனுமதி கேட்கவும்" என்று வந்தால் அங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், அடுத்தவர் டேப்புக்குப் போய்விடுவார்கள்.

படி 4: ஷோரீல்

நீங்கள் நடித்த காட்சிகளைக் காட்டுகிற சின்ன வீடியோதான் ஷோரீல். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. உங்களுடைய ஆகச் சிறந்த காட்சி முதலில். பாட்டைப் போட்டு, துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய தொகுப்பு வேண்டவே வேண்டாம். அதில் தெரிவது எடிட்டரின் திறமை. இன்னும் எதிலும் நடிக்கவில்லை என்றால், நன்றாக வந்த இரண்டு செல்ஃப் டேப்பே ஷோரீல்தான். குறும்படம் எடுக்கும் மாணவர்களுடன் வேலை செய்யுங்கள். ஆனால் நடித்த காட்சியின் பிரதி எப்போது கையில் கிடைக்கும் என்று ஷூட்டிங்குக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு அதுதான் சம்பளம்.

படி 5: காசு கேட்கிறவர்களைத் தள்ளி வையுங்கள்

இதில் ஒரே விதிதான். நடிகருக்கு வேலை தருகிறவர் நடிகரிடம் பணம் வாங்க மாட்டார். பதிவுக் கட்டணம், ஆடிஷன் கட்டணம், "வேடம் உறுதி, அடையாள அட்டைக்கு மட்டும் கட்டுங்கள்" என்று எந்தப் பெயரில் வந்தாலும் விலகிவிடுங்கள். உண்மையான ஏஜென்ட் நீங்கள் சம்பாதித்த பிறகு அதில் ஒரு சதவீதம் எடுப்பார். "எங்கள் ஃபோட்டோகிராஃபரிடம்தான் படம் எடுக்க வேண்டும்" என்று சொல்லும் ஏஜென்சிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் புரியும்.

இடத்தையும் பாருங்கள். ஹோட்டல் அறையிலோ வீட்டிலோ தனியாக வரச் சொன்னால், அலுவலகத்தில் சந்திக்கலாமா என்று கேளுங்கள். துணைக்கு ஆள் வருவதை ஆட்சேபிக்கிற இடத்துக்குப் போகத் தேவையில்லை. முதல் சுற்றிலேயே உடை குறைக்கச் சொல்வது, நெருக்கமான காட்சியை நடித்துக் காட்டச் சொல்வது எல்லாம் தொழில்முறை நடைமுறை அல்ல. அப்படிப்பட்ட காட்சி கதையில் இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லி ஒப்புதல் வாங்குவதுதான் முறை. வாய்ப்பு போய்விடுமோ என்ற பயத்தில்தான் இவர்களின் பிழைப்பே நடக்கிறது. படி 1-இல் சொன்ன வேலை இங்கேயும் உதவும், கையில் காசு இருப்பவருக்கு "வேண்டாம்" என்று சொல்வது கொஞ்சம் சுலபம்.

படி 6: கையெழுத்துக்கு முன்

சின்ன வேடமாக இருந்தாலும் எத்தனை நாள், ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தமே தர மாட்டோம் என்றால், பேசியதை நீங்களே ஒரு மெசேஜாக எழுதி "நாம் பேசியது இதுதானே, சரியா?" என்று அனுப்புங்கள். "சரி" என்று பதில் வந்தால் அதுவே ஓரளவு ஆதாரம்.

விளம்பரப் படம் என்றால் கூடுதல் கவனம் தேவை. எவ்வளவு காலம் ஓட்டுவார்கள், டிவியிலா இணையத்திலா, எந்த நாடுகளில், போட்டி நிறுவனத்தின் விளம்பரத்தில் எத்தனை காலம் நடிக்கக் கூடாது என்று கேளுங்கள். ஒரு நாள் சம்பளத்துக்கு முகத்தை என்றென்றைக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உருவத்தையோ குரலையோ ஸ்கேன் செய்து, பிறகு கணினியில் உருவாக்கிப் பயன்படுத்தும் உரிமை பற்றிய வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். 2023 வேலைநிறுத்தத்தின் முக்கியமான பிரச்சினைகளில் இதுவும் ஒன்று. அந்த வரி இருந்தால், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, தனிச் சம்பளம் உண்டா என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

படி 7: செட்டில் முதல் நாள்

சொன்ன நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே போய், வந்துவிட்டேன் என்று உதவி இயக்குநரிடம் சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படுகிற இடத்தில் இருங்கள். காத்திருப்புதான் அன்றைய நாளில் அதிகம். காட்சிகள் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை என்பதால், உங்கள் காட்சிக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டினியூட்டிதான் புதியவர்களைக் கவிழ்க்கிறது. எந்த வார்த்தையில் டம்ளரை எடுத்தீர்கள், எந்தக் கையால், எப்போது கீழே வைத்தீர்கள் என்பதை ஒவ்வொரு டேக்கிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். இல்லையென்றால் உங்களுடைய நல்ல டேக்கை எடிட்டரால் பயன்படுத்த முடியாது. அதனால் முதல் டேக்கில் கையால் குறைவாகச் செய்யுங்கள். செய்வது குறைவாக இருந்தால் நினைவில் நிற்கும்.

படி 8: பதில் வராத நாட்களுக்கு ஒரு நோட்டு

தேர்வாகவில்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை. பதில் வராது, அவ்வளவுதான். காரணம் பல நேரம் நடிப்பே இல்லை. கதாநாயகனைவிட உயரமாக இருந்திருப்பீர்கள், அக்காவாக நடிப்பவரின் சாயல் உங்களுக்கு இல்லாமல் இருந்திருக்கும், அல்லது அந்தக் காட்சியையே வெட்டியிருப்பார்கள். அனுப்பிய இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும், தினமும் "சார், ஏதாவது அப்டேட்?" என்று கேட்க வேண்டாம்.

அதற்குப் பதில் ஒரு நோட்டில் தேதி, பாத்திரம், யார் பார்த்தார், என்ன உடை, என்ன சொன்னார்கள் என்று குறித்து வாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அழைப்பே வரவில்லை என்றால் ஃபோட்டோவையும் அனுப்பும் இடங்களையும் மாற்றுங்கள். அழைப்பு வருகிறது, இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிடவில்லை என்றால் பயிற்சி போதவில்லை, ஒரு நல்ல ஆசிரியரைத் தேடுங்கள். இரண்டாம் சுற்று வரை போய்ப் போய்த் திரும்புகிறீர்கள் என்றால் எதையும் மாற்றாதீர்கள்.