பைக்ல வட பிரான்ஸ் போறீங்களா? அராஸ்ல தங்கிக்கோங்க

முதல் உலகப்போர் நடந்த இடங்களைப் பைக்ல பார்க்க ரெண்டு நாள் போதும், ஆனா ஒவ்வொரு ராத்திரியும் வேற ஊர்ல ரூம் போடாதீங்க, அராஸ்லயே தங்கி லக்கேஜை ரூம்ல வெச்சிட்டு வெறும் வண்டியோட சுத்துங்க, அங்கிருந்து எல்லாமே கிட்டத்தான்.

முதல் நாள் வடக்குப் பக்கம். விமி மேட்டுல கனடா நினைவுச்சின்னம், அப்புறம் நோத்ரு டாம் டு லோரெட்ங்கிற பிரெஞ்சு ராணுவக் கல்லறை, அங்கிருந்து நேரா நவ் சப்பேல். இதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. இந்தியச் சிப்பாய்களுக்காக 1927ல திறந்த நினைவிடம், வட்டமா ஒரு சுவர், உச்சியில தாமரை வெச்ச தூண், சுவர்ல 4,700க்கும் மேல பேர் செதுக்கியிருக்கு. நின்னு நிதானமா படிங்க, அவசரமே வேண்டாம்.

மறுநாள் தெற்கே சோம் போர்க்களம். தியப்வால் நினைவுச்சின்னத்துல, உடல் கிடைக்காமப் போன 72,000க்கும் மேற்பட்ட வீரர்களோட பெயர் இருக்கு, பக்கத்துலயே லா புவாசெல்ல 1916 ஜூலை 1 அன்னிக்கு மண்ணுக்கடியில வெச்ச வெடி வெடிச்சு உண்டான லாக்நகர் பள்ளம்.

சீசன் முக்கியம்ங்க. அக்டோபர், நவம்பர்ல சர்க்கரை பீட் அறுவடை, டிராக்டர் டயர்ல ஒட்டின களிமண் ரோட்டுல அப்பிக் கிடக்கும், மழை பெஞ்சா வளைவுல வண்டி வழுக்கிடும், அதனால மே, ஜூன்தான் பெஸ்ட். சிஇ (CE) முத்திரை, அதாவது ஐரோப்பியப் பாதுகாப்புத் தர முத்திரை உள்ள கிளவுஸ் அங்க சட்டப்படி கட்டாயம், பின்னாடி உக்கார்றவங்களுக்கும் சேர்த்துத்தான். விமில கயிறு கட்டின புல்வெளிக்குள்ள கால் வைக்காதீங்க, வெடிக்காத குண்டு இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு, அதான் அங்க புல்லை ஆடுங்களை விட்டு மேய விடுறாங்க.